அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப் பாதுகாப்பு: நிர்வாகிக்கான முழுமையான வழிகாட்டி

அடுக்குமாடிக் கட்டடத் தீவிபத்தில் இறப்பவர்கள் பல வேளைகளில் தீயைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், 19 மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒரு வீட்டில், அறையைச் சூடாக்கும் மின்சாதனத்திலிருந்து தீப்பிடித்தது. அந்த வீட்டையும் அதையொட்டிய நடைவழியையும் தாண்டித் தீ பெரிதாகப் பரவவில்லை. ஆனாலும் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். அத்தனை உயிர்களையும் பறித்தது புகைதான். வீட்டார் தப்பி வெளியேறியபோது, தானாக மூடிக்கொள்ள வேண்டிய வாசற்கதவு மூடவில்லை; மேல்தளம் ஒன்றில் படிக்கட்டுக் கதவும் திறந்தே இருந்தது. அந்த இரண்டு திறப்புகளின் வழியாகப் படிக்கட்டு முழுவதும் ஒரு புகைபோக்கியாக மாறிவிட்டது.

வீட்டுக்குள் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. பிடித்த தீ மற்ற வீடுகளின் மக்களைக் கொல்லாமல் தடுப்பதோ நிர்வாகியின் கையில் இருக்கிறது. கதவு, படிக்கட்டு, நடைவழி, ஷாஃப்ட் (குழாய்களும் கேபிள்களும் தளங்களுக்கு இடையே செல்லும் செங்குத்துக் குழி), அலாரம், பம்ப் என வீடுகளுக்கு இடையில் உள்ள எல்லாமே அவருடைய பொறுப்பு. குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர், உரிமையாளரின் சார்பில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், பராமரிப்பு நிறுவனத்தின் மேலாளர் ஆகிய எவரும் தம் கட்டடத்தில் உடனே தொடங்கிச் செய்யக்கூடிய வகையில், இந்தப் பொறுப்பு கீழே வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது.

முதல் படி: பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வையுங்கள்

பல கட்டடங்களில் தீப் பாதுகாப்பு எல்லோருடைய பொறுப்பாகவும் இருப்பதால் ஒருவருடைய பொறுப்பாகவும் இல்லாமல் போகிறது. சங்கம் பராமரிப்பு நிறுவனத்தைக் காட்டும். நிறுவனம் ஆண்டு ஒப்பந்தம் எடுத்த ஒப்பந்ததாரரைக் காட்டும். ஒப்பந்ததாரரோ பழுது பார்க்கப் பணம் ஒதுக்கவில்லை என்று சங்கத்தையே திருப்பிக் காட்டுவார். எனவே முதல் வேலையாக, தீப் பாதுகாப்புக்குப் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளரையும், அவர் ஊரில் இல்லாதபோது பொறுப்பேற்கும் ஒரு மாற்றாளையும் கூட்டத் தீர்மானத்தின் மூலம் நியமியுங்கள். உடனடிப் பழுதுகளுக்கு, அடுத்த கூட்டம் வரை காத்திராமல் செலவு செய்யும் அதிகாரத்தையும் அந்தத் தீர்மானத்திலேயே அவருக்கு வழங்குங்கள். செலவு செய்யும் அதிகாரம் இல்லாத பொறுப்பாளரால் குறைகளைப் பட்டியலிட மட்டுமே முடியும்.

அடுத்து, உங்கள் பகுதியின் தீயணைப்புத் துறையும் உள்ளாட்சி அமைப்பும் உங்கள் கட்டடத்தின் உயரத்திற்கும் வகைக்கும் என்னென்ன கேட்கின்றன என்பதை நேரில் சென்று எழுத்தில் பெறுங்கள். தடையின்மைச் சான்றிதழ், அது காலாவதியாகும் நாள், கட்டடத்திற்கு ஒப்புதல் வழங்கப்பட்ட மூல வரைபடம் ஆகியவை ஒரே கோப்பில் இருக்க வேண்டும். மூல வரைபடத்தைத் தேடி எடுப்பது சிரமமாக இருக்கலாம். ஆனால் எந்தச் சுவர் தீயைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டது, எந்தக் கதவு தீத்தடுப்புக் கதவாகப் பொருத்தப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வெளி நிறுவனத்திடம் வேலையை ஒப்படைப்பதால் பொறுப்பு கைமாறிவிடும் என்று எண்ண வேண்டாம். அவர்கள் செய்த சோதனையை மேற்பார்வையிடும் கடமை உங்களிடமே இருக்கிறது.

இரண்டாம் படி: கட்டடத்தை மொட்டை மாடியிலிருந்து தரைத்தளத்திற்குக் கீழ் வரை நடந்து பாருங்கள்

கையில் ஒரு குறிப்பேடும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, மின்தூக்கியில் மேலே சென்று, படிக்கட்டு வழியாக ஒவ்வொரு தளமாக இறங்கி வாருங்கள். ஒரு முறை பகலிலும் ஒரு முறை நள்ளிரவுக்குப் பிறகும் நடந்து பார்ப்பது அவசியம், ஏனெனில் பகலில் திறந்திருக்கும் கதவு இரவில் பூட்டப்பட்டிருக்கும், பகலில் வெளிச்சமாக இருக்கும் படிக்கட்டு இரவில் இருண்டிருக்கும், பகலில் காலியாக இருக்கும் வண்டிப்பாதை இரவில் கார்களால் அடைபட்டிருக்கும். மக்கள் உறங்கும் நேரத்தில் நிகழும் தீயே அதிக ஆபத்தானது என்பதால், இரவில் கட்டடம் எப்படி இருக்கிறதோ அதுவே அதன் உண்மையான நிலை.

தீ எங்கே தொடங்கக்கூடும் என்ற கேள்வியோடு ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். மீட்டர் அறையிலும் மின்பலகை அறையிலும் பழைய பெயிண்ட் டப்பா, துடைப்பம், அட்டைப்பெட்டி போன்றவை இருந்தால் அன்றே அகற்றுங்கள். இணைப்புகள் கருத்தோ உருகியோ இருந்தாலும், கருகிய வாடை வந்தாலும், தகுதியுள்ள மின்பணியாளரை உடனே அழையுங்கள். ஜெனரேட்டர் அறையில் டீசல் கசிவும் புகைக்குழாயின் அருகில் எரியும் பொருளும் இருக்கக் கூடாது. குப்பை சேரும் இடம் படிக்கட்டுக்கு அடியிலோ வெளியேறும் வழியிலோ இருந்தால் அதை இடம் மாற்ற வேண்டும்.

எரிவாயுவைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து, கீழ்த்தளத்திலும் சாக்கடைக் குழிகளிலும் தேங்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. மேல்நோக்கிச் சென்று கூரையடியில் சேரும். கீழ்த்தளத்தில் சிலிண்டர்களைச் சேமித்து வைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே விளங்கும். கசிவைக் கண்டறியும் கருவியைப் பொருத்தும் உயரமும் எரிவாயுவின் வகையைப் பொறுத்தே மாறும்.

மின்சார ஸ்கூட்டர், மின்சைக்கிள் ஆகியவற்றின் லித்தியம் அயான் பேட்டரிகள் அண்மைக் காலத்தில் சேர்ந்த பெரிய கவலை. பழுதடைந்த பேட்டரி உட்சூடேறி, நச்சும் எரியும் தன்மையும் கொண்ட வாயுக்களைக் கக்கியபடி தீப்பற்றும். அணைந்துவிட்டது போலத் தோன்றிய பிறகும் மீண்டும் பற்றிக்கொள்ளும். எனவே நடைவழியிலும் படிக்கட்டின் அடியிலும் சார்ஜ் செய்வதை முழுமையாகத் தடை செய்யுங்கள். தடை மட்டும் போதாது. அதற்கு மாற்றாக, வெளியேறும் வழிகளிலிருந்து விலகிய, காற்றோட்டமுள்ள ஓரிடத்தில், முறையான வயரிங்கும் தனி பிரேக்கரும் உள்ள சார்ஜிங் வசதியை ஏற்படுத்திக் கொடுங்கள். வேறு இடம் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால், மக்கள் அதே பேட்டரியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் சார்ஜ் செய்வார்கள்.

மூன்றாம் படி: கதவுகளும் படிக்கட்டுகளும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைச் செய்ய மட்டுமே உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். மூடிய தீத்தடுப்புக் கதவு, அது எந்தக் கால அளவுக்குச் சோதிக்கப்பட்டதோ அந்த அளவுக்குத் தீயையும் புகையையும் தடுத்து நிறுத்தும். திறந்து கிடக்கும் அதே கதவால் ஒரு பயனும் இல்லை.

சோதனை எளிமையானது, ஒரு கதவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கதவை முழுவதும் திறந்து கையை விடுங்கள். அது தானாக நகர்ந்து, சட்டத்தில் பொருந்தி, தாழ் விழும் சத்தம் கேட்கும்வரை மூட வேண்டும். பிறகு ஒரு கைப்பிடி அளவு மட்டும் திறந்து விடுங்கள். பெரும்பாலான பழுதுகள் இங்கேதான் வெளிப்படும். கதவு சட்டத்தைத் தொட்டு நிற்கும், தாழ் மட்டும் விழாது. பார்வைக்கு மூடியது போலத்தான் இருக்கும். ஆனால் தீயின் வெப்பத்தால் அறைக்குள் அழுத்தம் கூடும்போது அப்படிப்பட்ட கதவு திறந்துகொள்ளும். கதவைத் தானாக மூடும் டோர் க்ளோசரின் திருகைச் சரிசெய்வதாலோ, தளர்ந்த கீலை இறுக்குவதாலோ இது பல நேரம் தீர்ந்துவிடும். எண்ணெய் கசியும் க்ளோசரை மாற்றத்தான் வேண்டும்.

கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலான இடைவெளி பக்கங்களிலும் மேலேயும் பொதுவாக 3 முதல் 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த விளிம்பில் ஓடும் பட்டை, வெப்பம் பட்டதும் உப்பி இடைவெளியை அடைக்கும் பொருளால் ஆனது; அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தாலோ, அது பிய்ந்து போயிருந்தாலோ மாற்றுங்கள். கதவில் புதிதாகத் துளையிட்டுப் பூட்டு பொருத்தியிருந்தாலும், கண்ணாடியை மாற்றியிருந்தாலும், அந்தக் கதவு இன்னமும் தீயைத் தாங்குமா என்று நிபுணரிடம் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டுத் தீப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. 11 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள குடியிருப்புக் கட்டடங்களில், பொதுவழிக் கதவுகளை மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும், வீட்டு வாசற்கதவுகளை ஆண்டுக்கு ஒரு முறையும் சோதிக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. உங்கள் நாட்டின் விதி இதைவிடத் தளர்வாக இருந்தாலும் இந்தக் கால இடைவெளியையே பின்பற்றுவது நல்லது.

படிக்கட்டுக் கதவைச் செங்கல்லோ பூந்தொட்டியோ வைத்துத் திறந்து நிறுத்தும் பழக்கம் ஏறத்தாழ எல்லாக் கட்டடங்களிலும் இருக்கிறது. காற்றுக்காகவும் சாமான் ஏற்றுவதற்காகவும் மக்கள் அப்படிச் செய்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். எப்போதும் திறந்திருக்க வேண்டிய கதவு என்றால், அலாரம் ஒலித்ததும் விடுவிக்கும் மின்காந்தப் பிடிப்பானைப் பொருத்துங்கள். செங்கல்லை எடுத்துப் போட்டுவிட்டு மட்டும் வந்தால் மறுநாள் அது மீண்டும் அங்கே இருக்கும்.

நடைவழியிலும் படிக்கட்டிலும் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. செருப்பு அலமாரி, சைக்கிள், பழைய மெத்தை, குழந்தை வண்டி என எல்லாமே இரண்டு வகையில் ஆபத்தானவை: அவை எரியும் பொருள்கள், அத்துடன், கண் தெரியாத புகையில் சுவரைத் தடவிக்கொண்டு வரும் ஒருவரைத் தடுக்கி விழச் செய்பவை. முதலில் பொது அறிவிப்பு, பிறகு அந்த வீட்டாரிடம் நேரில் பேச்சு, அதன்பின் நாள் குறிப்பிட்ட எழுத்து நோட்டீஸ், கடைசியாக விதிப்படி அகற்றுதல் என்ற வரிசையை எல்லா வீடுகளுக்கும் ஒரே மாதிரி பின்பற்றுங்கள். சங்கத் தலைவரின் வீட்டு வாசலில் உள்ள அலமாரியை விட்டுவைத்துவிட்டு மற்றவர்களின் அலமாரியை அகற்ற முயன்றால், அந்த விதி அன்றோடு செத்துவிடும்.

வெளியேறும் கதவுகள் எதுவும் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கக் கூடாது. திருட்டுப் பயத்தால் பின்வாசலுக்குப் பூட்டுப் போடும் கட்டடங்கள் ஏராளம். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்க முடியாத கம்பித் தாழ் இந்தப் பயத்துக்கும் தீக்கும் ஒருசேர விடையளிக்கும். ஜன்னலையும் பால்கனியையும் இரும்புக் கம்பியால் முழுவதுமாக அடைத்திருக்கும் வீடுகளில், உள்ளிருந்து திறக்கக்கூடிய ஒரு பகுதியாவது இருக்கும்படி வலியுறுத்துங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: ஷாஃப்டுகள். இணையக் கேபிள், ஏசி குழாய், தண்ணீர்க் குழாய் என ஒவ்வொன்றையும் கொண்டுசெல்ல யாராவது ஒருவர் தளத்திலும் சுவரிலும் துளையிடுகிறார். அதை அடைக்காமல் போய்விடுகிறார். ஒவ்வொரு தளத்திலும் ஷாஃப்டின் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்தளத்தின் வெளிச்சம் கீழே தெரிந்தால் புகையும் அதே வழியில் மேலே செல்லும். அத்தகைய துளைகளைத் தீ தாங்கும் என்று சான்று பெற்ற அடைப்புப் பொருளால் மூட வேண்டும். சாதாரண நுரைப்பசையைப் பயன்படுத்த வேண்டாம், அது எரியும்.

நான்காம் படி: கருவிகள் உண்மையில் இயங்குகின்றனவா என்று பாருங்கள்

பம்ப் அறையிலிருந்து தொடங்குங்கள். ஹைட்ரன்ட் (தீயணைப்புக் குழாயை இணைக்கும் நீர்த்திறப்பு), ஹோஸ் ரீல் (சுருட்டி வைத்த நீர்க்குழாய்), ஸ்பிரிங்க்ளர் (கூரையிலிருந்து தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) ஆகிய எல்லாவற்றுக்கும் தண்ணீர் இங்கிருந்துதான் செல்கிறது. குழாயில் அழுத்தம் சிறிது குறைந்தால் அதை ஈடுகட்ட ஜாக்கி பம்ப் ஓடும். பெரிதாகக் குறைந்தால் முதன்மை மின்பம்ப் ஓடும். மின்சாரம் இல்லையென்றால் டீசல் பம்ப் தானாகக் கிளம்பும். இந்த வரிசை நடக்க வேண்டுமானால் ஒவ்வொரு பம்பின் சுவிட்சும் ஆட்டோ நிலையில் இருக்க வேண்டும். ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடிச் சத்தம் போடுகிறது என்று யாரோ ஒருவர் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுப் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அது அடிக்கடி ஓடினால் குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது. தேடிச் சரிசெய்ய வேண்டியது அந்தக் கசிவை.

அழுத்தமானியின் முள் ஓய்ந்து பூஜ்யத்தில் இருக்கிறதா, வால்வுகள் திறந்த நிலையில் சங்கிலியிடப்பட்டிருக்கின்றனவா, தீயணைப்புக்கான தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா, டீசல் எஞ்சினின் பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறதா, டீசல் போதிய அளவு இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். அமெரிக்காவில் உருவாகிப் பல நாடுகளில் பின்பற்றப்படும் என்எஃப்பிஏ 25 தரநிலை, டீசல் பம்பை வாரந்தோறும் 30 நிமிடம் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, மொட்டை மாடியில் உள்ள கடைசி ஹைட்ரன்டைத் திறந்து, ஹோஸையும் அதன் முனையான நாசிலையும் பொருத்தித் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். ஹோஸ் பெட்டிக்குள் நாசில் திருடுபோயிருப்பதும், மடித்த மடிப்பிலேயே ஹோஸ் வெடித்திருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

அலாரம் பேனல் பெரும்பாலும் செக்யூரிட்டி அறையில் இருக்கும். அதில் மஞ்சள் நிறப் பழுது விளக்கு நாள்கணக்கில் எரிந்துகொண்டிருந்தால் ஏதோ ஒரு பகுதியில் தீயை உணரும் டிடெக்டரோ வயரோ வேலை செய்யவில்லை என்று பொருள். ஒலியை நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டு அமர்ந்திருப்பது பழுதைச் சரிசெய்வதாகாது. தவறான அலாரம் அடிக்கடி வந்தால் அதற்கான காரணத்தைக் கண்டறியுங்கள். தூசி படிந்த டிடெக்டர், குளியலறை நீராவி படும் டிடெக்டர், சமையற்புகை படும் இடத்தில் தவறாகப் பொருத்தப்பட்ட டிடெக்டர் ஆகியவையே வழக்கமான காரணங்கள். அலாரத்தை நம்பாத மக்கள் உண்மையான தீயின்போதும் கட்டிலை விட்டு எழ மாட்டார்கள். வீட்டுக்குள் வைக்கும் தனிப் புகை அலாரங்களை மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திச் சோதிக்கவும், 10 ஆண்டுகளில் மாற்றவும் குடியிருப்போரை அறிவுறுத்துங்கள்.

தீயணைப்பான்களை மாதம் ஒரு முறை பாருங்கள்: உரிய இடத்தில் இருக்கிறதா, பாதுகாப்பு ஊசியும் முத்திரையும் அப்படியே உள்ளனவா, முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, குழாய் விரிசல் விட்டிருக்கிறதா. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் அழுத்தமானி இருக்காது. அதை எடை போட்டுத்தான் அறிய வேண்டும். மின்பலகை அருகில் கார்பன் டை ஆக்சைடு வகையும், மற்ற பொது இடங்களில் ஏபிசி பவுடர் வகையும் பொருத்தமானவை. சாதாரணமாகக் கையில் தூக்கும் பவுடர் தீயணைப்பான் அரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும் என்பதை எல்லோருக்கும் சொல்லுங்கள். சிறிய தீக்கு மட்டுமே, வெளியேறும் வழி முதுகுப்புறம் இருக்கும்போது மட்டுமே, அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஸ்பிரிங்க்ளரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: ஒரு இடத்தில் புகை வந்தால் கட்டடம் முழுவதும் தண்ணீர் கொட்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். சாதாரணக் குடியிருப்பு ஸ்பிரிங்க்ளரில் ஒவ்வொரு தலையும் தனித்தனியாகவே திறக்கும். சிவப்புத் திரவம் உள்ள கண்ணாடிக் குமிழ் ஏறத்தாழ 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உடைந்து, அந்த ஒரு தலையிலிருந்து மட்டும் தண்ணீர் வரும். பெயிண்ட் பூசப்பட்ட தலைகளையும், உட்கூரை வேலையின்போது மறைக்கப்பட்ட தலைகளையும் கண்டுபிடித்து மாற்றுங்கள்.

அவசர விளக்குகளுக்கு, மின்சாரத்தை நிறுத்தி, அவை எவ்வளவு நேரம் எரிகின்றன என்று பார்ப்பதுதான் சோதனை.

ஐந்தாம் படி: வெளியேறுவதா, உள்ளேயே இருப்பதா

இந்தக் கேள்விக்கு எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. சுவர்களும் கதவுகளும் ஷாஃப்டுகளும் முறையாக உள்ள உயர்ந்த கட்டடங்களில், தீப்பிடித்த வீட்டாரும் பாதிக்கப்பட்ட தளத்தாரும் வெளியேற, மற்றவர்கள் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருப்பது சில நாடுகளில் பின்பற்றப்படும் முறை. அந்த முறை எதை நம்பியிருக்கிறது என்பதை லண்டனின் கிரென்ஃபெல் டவர் காட்டியது. 2017 ஜூன் 14 அதிகாலையில் நான்காம் தளத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தொடங்கிய தீ, எரியும் தன்மையுள்ள வெளிச்சுவர் உறையைப் பற்றி 24 மாடிகளிலும் ஏறியது. 72 பேர் உயிரிழந்தார்கள். உள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை அதிகாலை 2.47 மணிக்குத்தான் கைவிடப்பட்டது. அதை ஒரு மணி நேரத்திற்கு முன்பே, 1.30க்கும் 1.50க்கும் இடையில் கைவிட்டிருக்க வேண்டும் என்று பொது விசாரணையின் முதற்கட்ட அறிக்கை கூறியது. அங்கும் பல வீடுகளின் வாசற்கதவுகள் புகையைத் தடுக்கத் தவறின.

ஆகவே உங்கள் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்யாமல், தீயணைப்புத் துறையிடமோ தகுதியுள்ள தீப் பாதுகாப்புப் பொறியாளரிடமோ எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வெளிச்சுவர் உறை எந்தப் பொருளால் ஆனது என்று தெரியாத கட்டடத்திலும், மூன்றாம் படியில் கூறிய குறைகள் தீராத கட்டடத்திலும், எல்லோரும் உடனே வெளியேறுவதற்கான திட்டமே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. எந்தத் திட்டமானாலும் சில விதிகள் மாறாது: மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது, வெளியேறும்போது வாசற்கதவை மூடிவிட்டு வர வேண்டும், படிக்கட்டில் அடர்ந்த புகை இருந்தால் திரும்பி வீட்டுக்குள் சென்று, கதவின் அடியில் ஈரத்துணியைத் திணித்து, தெருப்பக்க ஜன்னலருகே நின்று, தீயணைப்புத் துறையிடம் வீட்டு எண்ணையும் தளத்தையும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். மொட்டை மாடிக்கு ஓடலாமா என்பதையும் திட்டம் தெளிவாகக் கூற வேண்டும். புகை மேல்நோக்கியே செல்வதால், துறை அப்படிச் சொல்லாதவரை கீழே இறங்குவதே பொது விதி.

படியிறங்க முடியாதவர்களின் பட்டியலை அவர்களின் சம்மதத்தோடு தயாரியுங்கள். முதியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், காது கேளாதவர், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர், கர்ப்பிணி என ஒவ்வொருவருக்கும் யார் உதவுவார், எப்படி உதவுவார் என்று பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டாமல் மூடிய உறையில், தீயணைப்புத் துறையினர் கேட்டால் உடனே கொடுக்கும் இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்திற்கு ஒரு முறை புதுப்பிக்காவிட்டால் அது பழைய குடித்தனக்காரர்களின் பட்டியலாகிவிடும்.

ஆறாம் படி: தீயணைப்பு வண்டி உள்ளே வருமா

வாசல் வளைவின் உயரமும் அகலமும் தீயணைப்பு வண்டிக்குப் போதுமா என்று துறையினரை அழைத்தே பாருங்கள். வண்டி நிற்க வேண்டிய இடத்தையும் ஹைட்ரன்டையும் மறைத்து எந்த வாகனமும் நிற்காதபடி தரையில் வண்ணமிட்டுக் குறியுங்கள். ஒவ்வொரு தளத்தின் படிக்கட்டு மேடையிலும் தள எண் பெரிதாக, குறைந்த வெளிச்சத்திலும் புகையிலும் தெரியும்படி இருக்க வேண்டும். கிரென்ஃபெல் விசாரணை வலியுறுத்திய பரிந்துரைகளில் இதுவும் ஒன்று. தளவரைபடங்கள், மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தும் இடங்கள், பம்ப் அறை, தீயணைப்பாளர் மின்தூக்கிச் சாவி ஆகியவை நுழைவாயிலருகே பூட்டிய ஒரு பெட்டியில் இருக்கட்டும். அந்தப் பெட்டியின் சாவி இரவுப் பணியாளரிடம் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: செக்யூரிட்டிக்கும் குடியிருப்போருக்கும் பயிற்சி

தீ நேரும் இரவில் முதல் ஐந்து நிமிடங்களைத் தீர்மானிப்பவர் வாசலில் இருக்கும் காவலர். அவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டியது சில வரிகள்தான்: முதலில் தீயணைப்புத் துறைக்கு அழைப்பு, பிறகு அலாரத்தை ஒலிக்கச் செய்தல், பிறகு வாசலைத் திறந்து வைத்து வண்டியை வழிநடத்துதல். செயலாளரின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, தவறான அழைப்புக்காகக் காவலரைக் கண்டிக்க மாட்டோம் என்பதையும் அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பல இடங்களில் துறைக்கு அழைப்பு தாமதமாவதற்கு, மேலே சென்று பார்த்துவிட்டுச் சொல் என்ற கட்டளையே காரணம். காவலர் மாறும்போதெல்லாம் புதியவருக்கு அன்றைக்கே இந்தப் பயிற்சியைத் தர வேண்டும்.

குடியிருப்போருக்கு ஆண்டில் இரண்டு முறை பயிற்சி ஓட்டம் நடத்துங்கள். ஒன்று மாலையிலோ இரவிலோ இருக்கட்டும். எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதைவிட, எந்தத் தளத்தில் அலாரம் கேட்கவில்லை, எந்தப் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டது, கூடுமிடத்தில் யார் விடுபட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குடிவருவோருக்கு, சாவியோடு சேர்த்து ஒரு பக்க அறிவுறுத்தலையும் அவர்கள் வாசிக்கும் மொழியில் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களையும் பிள்ளைகளையும் பயிற்சியிலிருந்து விலக்க வேண்டாம். பகல் நேரத்தில் பல வீடுகளில் அவர்கள் மட்டுமே இருப்பார்கள்.

எட்டாம் படி: புதுப்பிப்பு வேலை நடக்கும்போது

கட்டடம் மிகவும் பலவீனமாக இருக்கும் காலம் இதுவே. 2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் தாய் போ பகுதியில், வெளிச்சுவர்ப் பணிக்காகச் சாரமும் வலையும் போர்த்தப்பட்டிருந்த வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் எட்டுக் கட்டடங்களில் ஏழு தீப்பற்றின. 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வலை, நுரைப்பலகை, உறைப் பொருள் என எதைக் கொண்டுவந்தாலும் அதன் தீத்தன்மைச் சான்றை முன்கூட்டியே கேளுங்கள். கொண்டுவந்த பொருளும் சான்றிலுள்ள பொருளும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். வெல்டிங், அறுத்தல் போன்ற வேலைகளுக்கு அன்றன்றைக்கு எழுத்து அனுமதி கட்டாயம்: அருகில் எரியும் பொருள் இல்லை, தீயணைப்பானோடு ஒருவர் நிற்கிறார், வேலை முடிந்த பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் அந்த இடம் கண்காணிக்கப்படும் என்ற மூன்றும் உறுதியான பிறகே கையெழுத்திடுங்கள். வேலைக்காக அலாரத்தையோ ஸ்பிரிங்க்ளரையோ நிறுத்த நேர்ந்தால், எப்போது நிறுத்தப்பட்டது, எப்போது மீண்டும் இயக்க வேண்டும் என்று எழுதி, அதுவரை ஒருவரைச் சுற்றி வரச் செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: பதிவேடு

ஒரே ஒரு பதிவேடு போதும். ஒவ்வொரு சோதனைக்கும் நாள், சோதித்தவர், கண்ட குறை, குறை தீர்ந்த நாள் என்ற நான்கு கட்டங்கள் இருக்க வேண்டும். எல்லாம் சரி என்று மாதக்கணக்கில் ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்ட பதிவேட்டை நம்ப வேண்டாம். உண்மையாகச் சோதிக்கும் கட்டடத்தில் குறைகள் வந்துகொண்டேதான் இருக்கும். தீராத குறைகளை ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் முதல் பொருளாக வையுங்கள். ஒப்பந்ததாரர் கொடுக்கும் அறிக்கையில் அவர் எந்தெந்தக் கருவியைத் தொட்டுப் பார்த்தார் என்பது தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தமாக ஒரு வரியில் எழுதிய சான்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பத்தாம் படி: தீ அணைந்த பிறகு

துறையினர் அனுமதிக்கும் வரை யாரையும் உள்ளே விட வேண்டாம். நனைந்த மின்சுற்றுகளை மின்பணியாளர் சோதிக்கும் முன் மின்சாரத்தையும், குழாய்கள் சோதிக்கப்படும் முன் எரிவாயுவையும் திறக்கக் கூடாது. புகையைச் சுவாசித்தவர்கள் நலமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள். கார்பன் மோனாக்சைடின் பாதிப்பை வெளித்தோற்றத்தை வைத்துக் கணிக்க முடியாது. பயன்படுத்திய தீயணைப்பான்களை, கொஞ்சமே பயன்படுத்தியிருந்தாலும், அன்றே நிரப்ப அனுப்பி, அவை திரும்பும்வரை மாற்று வையுங்கள். திறந்த ஸ்பிரிங்க்ளர் தலைகளையும் வெப்பம் பட்ட கதவுகளையும் மாற்றுங்கள். தொட்டியை நிரப்பி, பம்புகளை மீண்டும் ஆட்டோவில் வையுங்கள். பிறகு, எந்தக் கதவு மூடியது, எது மூடவில்லை, அலாரம் எத்தனை மணிக்கு ஒலித்தது, துறைக்கு எத்தனை மணிக்கு அழைப்பு சென்றது, புகை எந்தத் தளம் வரை ஏறியது என்பதை நினைவு மங்குவதற்கு முன் எழுதி வையுங்கள். குப்பைத் தொட்டியில் பற்றி உடனே அணைந்த சிறு தீக்கும் இதே பதிவு தேவை. காலாவதியான தீயணைப்பானும் ஒலிக்காத அலாரமும் பெரும்பாலும் அந்தச் சிறு தீயிலேயே முதன்முதலாகத் தெரியவரும்.